முப்பத்தொரு வீட்டு ஊசியக்கா

காலை ஐந்து நாற்பதுக்கு அவளுடைய மோட்டார் சைக்கிள் கிளம்பும். அவள் கிளம்ப மாட்டாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

கட்டிலில் மல்லாந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணையைச் சொருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் காதை வைத்துக் காத்திருப்பாள். ஒரு நாளாவது அந்தச் சின்னவள் கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டி குதித்து நின்றுவிடாதா என்று ஓர் ஆசை. ஊஹூம். குளிர் நாளில் சொந்தக்காரியையே மூன்று தடவை கெஞ்ச வைத்த வண்டி, சின்னவள் செல்ஃபைத் தொட்டதும் சமத்தாகக் கிளம்பும். தெருமுனையில் கியர் மாறும் சத்தம்கூடக் கேட்காது. வண்டிக்குக்கூட விசுவாசம் இல்லை என்று அவள் பல்லைக் கடிப்பாள்.

"தூங்கேன். வண்டி நல்லா ஓடுதுன்னா சந்தோஷம்தானே?" என்பார் பக்கத்தில் படுத்திருக்கும் புருஷன். சட்டை தைக்கிற கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபது துணியை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் அறுக்கிற கை. ஆனால் பெண்டாட்டியின் மனசில் என்ன ஓடுகிறது என்று அளவெடுக்க அந்த மனுஷனுக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.

"நல்லா ஓடுதுன்னு யார் சொன்னது? மிதிக்கிறா. எனக்குக் கேக்குது" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதுதான். விடிவதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஐஸ் பெட்டியை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெறும் வயிற்றோடும் வெறும் கோபத்தோடும் உட்கார்ந்திருக்கிற மனுஷர்களை நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைத்து, அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் ஊசியைப் போட்டு எடுத்துவிடுவாள். ஊரில் எல்லாருக்கும் அவள் ஊசியக்கா. புதுசு புதுசாக வரும் வீடுகள் போக, மாதா மாதம் தவறாமல் அவளுக்கென்று காத்திருக்கும் வீடுகள் முப்பத்தொன்று. அந்த முப்பத்தொரு வீட்டிலும் வேறு யார் வந்தாலும் கையை நீட்ட மாட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல முடியும்.

வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், படி ஏறினால் உயிர் போய் உயிர் வந்தபோது, டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, "இனிமே இதுல ஒண்ணும் இல்லம்மா, மாத்திட வேண்டியதுதான்" என்றார். மூன்று மாதம் வண்டி தொடக்கூடாது. லேப் மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த முப்பத்தொரு வீட்டுக்கு யாரை அனுப்புவது?

அப்போதுதான் கட்டிங் மாஸ்டர் வாயைத் திறந்தார். திறக்காமல் இருந்திருக்கலாம்.

"ஏன், நம்ம சின்னவ இருக்காளே. அவளும் இதே படிப்புதானே? வண்டியும் ஓட்டுவா."

சின்னவள் என்றால் அவருடைய தம்பி பெண்டாட்டி. அவளுக்கு ஓரகத்தி. அதே வீட்டின் மாடியில் குடியிருக்கிறாள். முப்பத்தெட்டு வயது. கல்யாணத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவள்தான், இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு ஒன்பது வருஷமாக மாடியிலேயே கிடந்தாள். மேடம் கேட்டதும் அவள் முகத்தில் பல்ப் எரிந்ததை ஊசியக்கா பார்த்தாள். அந்த ஒரு வினாடியிலேயே இவளுக்கு இடுப்பு வலி மறந்து வேறு வலி ஆரம்பித்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் சின்னவள் ஒரு நோட்டும் பேனாவுமாகக் கீழே வந்து உட்கார்ந்தாள். முப்பத்தொரு விலாசம், போன் நம்பர், யாருக்கு எந்த டெஸ்ட், எந்தத் தேதி, எல்லாவற்றையும் ஊசியக்கா சொன்னாள். குறை வைக்கவில்லை.

"அக்கா, வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கணுமா? ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கம் இருக்குமே."

இருந்தது. நிறைய இருந்தது. பச்சை கேட் வீட்டு அம்மாவுக்கு இடது கையில் நரம்பு கிடைக்காது, வலது கையில் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே தடவினால் கிடைக்கும். மூன்றாவது மாடி வக்கீலிடம் எண்ணச் சொல்லிவிட்டு ஏழு எண்ணும்போது குத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஹெட்மாஸ்டர் இருந்தார். ரிட்டயரானவர், ஆறடி உயரம், இடி மாதிரிக் குரல். அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த மனுஷர், இதை எப்படி வெளியே சொல்வார்? வீட்டில் மகனுக்கும் மருமகளுக்கும்கூடத் தெரியாது. முதல் தடவை அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் ஊசியக்கா புரிந்துகொண்டாள். அதிலிருந்து, "சார், சோபாப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கு, சாஞ்சுக்குங்க, எனக்குக் கண்ணு சரியா தெரியலை" என்று பழியைத் தன் கண் மேல் போட்டுக்கொண்டு, அவரைப் படுக்க வைத்து எடுத்துவிடுவாள். அவரும் ஒன்றும் சொல்வதில்லை, இவளும் ஒன்றும் கேட்பதில்லை.

"ஒண்ணுமில்ல. எல்லாம் சாதாரண வீடுங்கதான்" என்றாள் ஊசியக்கா.

சின்னவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நாலாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தாழ்ந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. கீழே விழுந்த சீப்பை எடுக்கக்கூட ஆள் வேண்டும். அதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது மத்தியானம்தான்.

மத்தியானம் சின்னவள் வண்டியை நிறுத்திவிட்டு மாடிக்குப் போகும் வழியில் கீழே எட்டிப் பார்ப்பாள். வெயிலில் முகம் சிவந்து, ஹெல்மெட் அழுந்திய தலைமுடியோடு, வேலை செய்த களையோடு நிற்பாள். அந்தக் களையைப் பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. எட்டு வீடு. ஒரு வீட்லகூட ரெண்டாவது தடவை குத்தலை."

"ஓஹோ." கொஞ்சம் பொறுத்து, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பாள். "யாராச்சும் என்னைக் கேட்டாங்களா?"

"இல்லக்கா. யாரும் ஒண்ணும் கேக்கலை."

முதல் நாள் கேட்கவில்லை என்றால் சரி, முதல் நாள். ஒரு வாரம் கேட்கவில்லை. ஒரு மாதம் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம்! அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் யோசித்துக் கொடுத்தவள் இவள். பச்சை கேட் அம்மாவின் புருஷன் செத்தபோது சொந்தக்காரர்களுக்கு முன்னால் போய் நின்றவள் இவள். அந்த அம்மாகூட "ஊசியக்காவுக்கு எப்படி இருக்கு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாமே. நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று அவர்கள் மேல் ஒரு பங்கு கோபம் வந்தது. மிச்சம் ஒன்பது பங்கும் சின்னவள் மேல்தான். என்னத்தைப் பேசி மயக்கினாளோ!

சின்னவள் மாடிக்குப் போனதும் வாக்கரை நகர்த்திக்கொண்டு வாசலுக்குப் போய் வண்டியைச் சோதனை போடுவாள். கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறாள். பிரேக் கம்பியை இறுக்கியிருக்கிறாள். ஒரு நாள் பெட்ரோல் டேங்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். அழுக்காக வைத்திருந்தால் திட்டியிருக்கலாம், துடைத்து வைத்தால் என்ன சொல்வது? அன்று ராத்திரி புருஷன் நீட்டிய மாத்திரையைப் பிடுங்கி விழுங்கினாள்.

"உன் வண்டியைத் துடைச்சு வெச்சது ஒரு குத்தமா?" என்று சிரித்தார் கட்டிங் மாஸ்டர்.

"உங்க கத்திரிக்கோலை இன்னொருத்தன் எடுத்து சாணை பிடிச்சு வெச்சா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவர் சிரிப்பதை நிறுத்தினார். கத்திரிக்கோல் விஷயம் அவருக்குப் புரிந்தது.

இதற்கு நடுவே, இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள் சின்னவள் மத்தியானம் எட்டிப் பார்க்கவில்லை. நேரே மாடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் மேடமே போன் செய்தார். ஹெட்மாஸ்டரை நாற்காலியில் உட்கார வைத்து ரத்தம் எடுத்திருக்கிறாள் சின்னவள். டியூபில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தவர் அப்படியே முன்னால் சரிந்திருக்கிறார். மேஜை விளிம்பு நெற்றியில் பட்டு நாலு தையல். மகன் போன் செய்து லேப்பையே கிழித்துத் தொங்கவிட்டுவிட்டான். மேடம் கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் சின்னவள் பெயரை எழுதி, இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டாராம்.

"உனக்கு இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒண்ணு நடந்ததுண்டா?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம்" என்றாள் ஊசியக்கா.

போனை வைத்ததும் அவளுக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. நல்லா வேணும் என்று தோன்றியது. வண்டியைத் துடைக்கத் தெரிந்தால் போதுமா, மனுஷரைத் தெரிய வேண்டாமா என்று தோன்றியது. ஒரு டம்ளர் காப்பியை ரசித்துக் குடித்தாள். காப்பி முடிந்த பிறகுதான் அந்தப் பெரிய மனுஷரின் நெற்றியில் நாலு தையல் என்பது உறைத்தது. மாடியிலிருந்து சின்னவள் மூக்கைச் சிந்தும் சத்தமும் கேட்டது. இரண்டு படி ஏறிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். படி ஏற டாக்டர் இன்னும் விடவில்லை என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு படுத்துவிட்டாள். போனில் பேச எந்த டாக்டரும் தடை போடவில்லை.

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு வண்டி வழக்கம்போலக் கிளம்பியது. சின்னவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மூன்றாவது மாதம் முடியும்போது டாக்டர் அவளை நடக்க விட்டுப் பார்த்தார், நாற்காலியிலிருந்து எழ வைத்துப் பார்த்தார், வலது காலால் தன் உள்ளங்கையை ஓங்கி மிதிக்கச் சொன்னார். "பிரேக் போடற அளவுக்கு வந்தாச்சு. ஓட்டலாம். விழாம ஓட்டணும், அவ்வளவுதான்" என்றார். அவள் அங்கிருந்தே மேடத்துக்குப் போன் செய்தாள்.

மேடம் ரொம்பக் கறார். "ஒண்ணாம் தேதி லேப் வாசலுக்கு வண்டியில வா. எனக்கு முன்னாடி ஏறி, ஓட்டி, நிறுத்தி, இறங்கிக் காட்டு. காட்டிட்டா உன் ரூட் உனக்கு. முடியலைன்னா உள்ள உக்காந்து டியூபுக்கு லேபிள் ஒட்டு, ரூட் அவளுக்கே. ரயில்வே லைன் தாண்டி புது ஏரியாவுக்கும் ஒரு ஆள் தேடிட்டிருக்கேன். நீ திரும்பி வந்தா, அதுக்கு சின்னவளைப் போடலாம்னு பாத்தேன். ஆனா அவ பேர்ல கம்ப்ளெயின்ட் ஒண்ணு இருக்கே. வேற பொண்ணைத்தான் பாக்கணும்."

லேபிள் ஒட்டுவதாம்! முப்பத்தொரு வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்துக்குப் பசை தடவுவதா? அன்று மத்தியானமே, சின்னவள் மாடிக்குப் போன பிறகு, அவள் வாசலுக்கு வந்து வண்டிக்கு இடது பக்கம் நின்றாள். ஹேண்டிலைப் பிடித்தாள். வலது காலைத் தூக்கினாள்.

கால் சீட்டின் உயரத்துக்கே வரவில்லை. ஐஸ் பெட்டி வேறு பின்னால் மலை மாதிரி நின்றது, அதைத் தாண்டி எங்கே வீசுவது? முன்பக்கமாக மடக்கி நுழைத்துப் பார்த்தாள், இடுப்பில் மின்னல் வெட்டியது. சாய்ந்து படுத்துக் காலை இழுத்துப் பார்த்தாள். கொடியில் பாதி போட்ட துணி மாதிரி வண்டியின் மேல் தொங்கிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் கால் சத்தம் கேட்டது. வாளியில் துவைத்த துணியோடு சின்னவள் நின்றிருந்தாள்.

சிரித்திருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து இவளை நிமிர்த்தி நிறுத்தினாள்.

"அக்கா, அந்தப் பக்கமா வந்து ஏறுங்களேன்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். நல்ல காலைத் தூக்கிப் போடுங்க. ஆபரேஷன் பண்ண கால் பாட்டுக்குத் தரையில நிக்கட்டும்."

ஊசியக்கா வண்டியைப் பார்த்தாள். பழைய வண்டியில் பதினோரு வருஷம், இந்த வண்டியில் பதினோரு வருஷம், தினம் பத்து தடவை ஏறி இறங்கியவள். வண்டிக்கு இன்னொரு பக்கம் உண்டு என்பது ஒரு தடவைகூட மண்டையில் ஏறியதில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தாள். ஹேண்டிலைப் பிடித்து, புது மூட்டின் மேல் உடம்பை நிறுத்தி, இடது காலைத் தூக்கி வீசினாள். பெட்டியைத் தாண்டி, சீட்டைத் தாண்டி, கால் அந்தப் பக்கம் போய் இறங்கியது. உட்கார்ந்துவிட்டாள்!

"நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தெருவுல இடது பக்கம் தண்ணி தேங்கி நின்னா நான் அப்படித்தான் ஏறுவேன்."

வண்டியைக் கிளப்பினாள். தெருமுனை வரை முதல் கியர், அதைத் தாண்டி இரண்டு, மூன்று. முகத்தில் காற்று பட்டதும் யாருமில்லாத தெருவில் "அப்பாடா" என்று சத்தமாகவே சொன்னாள். சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் சின்னவள் கையால் கிடைத்தது என்று நினைத்தபோது சோற்றில் கல் கடிபட்டது மாதிரி இருந்தது. திரும்பி வந்து இறங்கி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து நான் போறேன்" என்றாள்.

"சரிக்கா" என்று சின்னவள் வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போனாள்.

ஒன்றாம் தேதி லேப் வாசலில் மேடம் குடையோடு நடுத்தெருவில் நின்றார். ஊசியக்கா ஏறினாள், ஓட்டினாள். மேடம் திடீரென்று குடையை நீட்டியபோது வலது காலால் அழுத்திக் கச்சிதமாக நிறுத்தினாள், இறங்கினாள். மேடம் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு அன்றைய பட்டியலைக் கையில் கொடுத்தார்.

முதல் வீடு பச்சை கேட். கதவைத் திறந்த அம்மா வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டார்.

"ஏன்மா, மூணு மாசமா ஒரு தகவல் இல்ல! அந்தப் பொண்ணுகிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டேன், 'ஊசியக்கா எப்படி இருக்கா, எப்ப வருவா'ன்னு. சொல்றேன் சொல்றேன்னு தலையாட்டுச்சே, சொல்லலியா?"

ஊசியக்கா பெட்டியைத் திறந்து, அந்த அம்மாவின் வலது கையைப் பிடித்து நரம்பைத் தேடினாள்.

இரண்டாவது வீட்டிலும் அதே கதை. வக்கீல் வீட்டில், "வந்ததுலேருந்து அக்கா அக்கான்னு கேட்டு அந்தப் பொண்ணை நச்சரிச்சுட்டோம்" என்று சிரித்தார்கள். ஆக, எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தர் விடாமல் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கழுதை மூன்று மாதமாக இவள் முகத்தைப் பார்த்து, கண்ணை ஒரு தடவைகூடச் சிமிட்டாமல், யாரும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறாள்! கட்டிலில் படுத்துக்கொண்டு எத்தனை மத்தியானம் இவள் சுவரைப் பார்த்து அழுதிருப்பாள். வண்டியில் ஏறும்போது உடம்பெல்லாம் கொதித்தது. இருடி, வீட்டுக்கு வரேன், வெச்சுக்கறேன் என்று சொல்லிக்கொண்டே நாலாவது வீட்டுக்குப் போனாள். அது ஹெட்மாஸ்டர் வீடு.

அவர் நெற்றியில் தழும்பு, புருவத்துக்கு மேலே, சின்ன வெள்ளைக் கோடாக இருந்தது. மகன் ஆபீஸ் போய்விட்டான், மருமகள் அடுப்படியில் இருந்தாள். இவள் வாயைத் திறப்பதற்குள் அவரே சோபாவில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கும்" என்றார்.

"ஆமா சார்."

ஊசி போட்டு எடுக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பஞ்சை வைத்து மடக்கியதும் மெதுவாக, அடுப்படிக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லம்மா. முதல் தடவை நானாவது சொல்லியிருக்கணும், கௌரவம் பாத்தேன். அடுத்த மாசம் வந்தப்ப சொன்னேன், 'ஊசியக்கா என்னை சாய வெச்சுதான் எடுப்பாங்க'ன்னு. அதுக்கு அது, 'ஆமா சார், அக்கா தெளிவா சொல்லித்தான் அனுப்பினாங்க, நான்தான் மறந்துட்டேன், மன்னிச்சுக்குங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிச்சு. நல்ல பொண்ணு. மறந்தா மறந்துட்டேன்னு ஒத்துக்கறதுக்கு ஒரு மனசு வேணும்."

ஊசியக்கா டியூபில் பெயர் எழுதினாள். எழுத்து கோணலாகப் போயிற்று. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

மிச்சமிருந்த நாலு வீட்டையும் அவள் எப்படி முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. கொதித்த உடம்பு கொதித்தபடியே இருந்தது, ஆனால் யார் மேல் ஊற்றுவது என்றுதான் தெரியவில்லை. பொய் சொல்லிக் கழுத்தறுத்தவளும் சின்னவள். பழியைத் தலையில் வாங்கிக்கொண்டவளும் அவள். நல்லவள் என்ற பேரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே! இத்தனை வருஷம் போன வீட்டில், ஹெட்மாஸ்டர் வாயால் "நல்ல பொண்ணு" என்று இன்னொருத்திக்கு! தப்பை ஒத்துக்கொள்ளும் மனசு அவளுக்கு மட்டும்தானா? உண்மையைச் சொல்லப்போனால், அன்று ஊசியக்காவை லேப் மாடிப்படி ஏற வைத்ததில் நியாயத்துக்கு எவ்வளவு பங்கோ, பொறாமைக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ஐஸ் பெட்டியை மேஜையில் வைத்தாள். மேடம் புது ஏரியாவுக்கு வந்திருந்த ஒரு விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஹெட்மாஸ்டர் விழுந்தாரே, அது சின்னவ தப்பில்ல. அவருக்கு மயக்கம் வரும்னு எனக்குத் தெரியும். அவ கேட்டா. நான் சொல்லலை."

"மறந்துட்டியா?"

இதோ, மேடமே வழி விட்டார். ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், முப்பத்தொரு வீடும் அப்படியே இருக்கும்.

"மறக்கலை. வேணும்னேதான் சொல்லலை."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கம்ப்ளெயின்ட் புத்தகத்தை இழுத்துத் திறந்தார். கத்தியிருந்தால் தேவலை.

"உன்னை நம்பித்தானே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் திறக்கறாங்க" என்றார். "கம்ப்ளெயின்ட் புக்ல அவ பேரை அடிச்சு உன் பேரை எழுதறேன். ஒரு மாசம் லேபிள் ஒட்டு. ரூட் அவகிட்டயே இருக்கட்டும். அடுத்த மாசம் நீ உன் ரூட்டுக்கு வா, அவ புது ஏரியாவுக்குப் போகட்டும்."

மூன்று மாதம் காத்துக் கிடந்து, ஒரே ஒரு காலை ஓட்டிவிட்டு, அவள் வீட்டுக்கு வந்தாள். நேரே மாடி ஏறினாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஊசியக்கா வண்டிச் சாவியை அவள் முன்னால் போட்டாள்.

"புடி. நாளையிலேருந்து ஒரு மாசம் நீதான். மேடத்துகிட்ட சொல்லிட்டேன். அப்புறம் உனக்குப் புது ஏரியா."

சின்னவள் சாவியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "என்னத்தைச் சொன்னீங்க?"

"ஹெட்மாஸ்டர் விஷயம். வேணும்னேதான் சொல்லலைன்னு."

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா அவர்கிட்ட அப்படிச் சொன்னே? பெரிய தியாகின்னு நினைப்பா உனக்கு?"

"தியாகமாவது!" சின்னவளுக்குச் சட்டென்று குரல் ஏறிவிட்டது. "நீங்க சொல்லலைன்னு நான் சொல்லியிருந்தா அவர் என்ன சொல்லியிருப்பார் தெரியுமா? 'பாவம், ஊசியக்கா, ஆபரேஷன் கவலையில மறந்திருப்பாங்க'ன்னு உங்களுக்குத்தான் உச்சுக் கொட்டியிருப்பார். தையல் போட்டது அவருக்கு, திட்டு வாங்கினது நான். உச்சுக் கொட்டறதும் உங்களுக்கேவா? அதையாச்சும் நான் வாங்கிக்கறேன்னுதான் சொன்னேன்."

ஊசியக்கா அடுத்த கணக்கை எடுத்தாள்.

"அப்ப, எல்லாரும் என்னைக் கேட்டாங்களாமே? யாரும் கேக்கலைன்னு தினம் தினம் சொன்னியே, அது?"

சின்னவள் அட்டைக் காகிதத்தைத் தள்ளி வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? கதவைத் திறந்ததும் ஒருத்தர் என் மூஞ்சியைப் பாக்கறதில்ல. என் முதுகுக்குப் பின்னாடி நீங்க வர்றீங்களான்னு பாக்கறாங்க. வலிக்காம எடுத்தா, 'ஊசியக்கா சொல்லிக் கொடுத்தாளா'ன்னு கேக்கறாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு வேலைக்குப் போறேன், ஒருத்தராச்சும் எனக்காகக் கதவைத் திறக்கக் கூடாதா? வயிறு எரிஞ்சுதுக்கா. எரிஞ்சு எரிஞ்சு சாப்பாடே இறங்கலை."

இதைக் கேட்டு ஊசியக்கா வருத்தப்பட்டிருக்க வேண்டும். வருத்தமும் பட்டாள், இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்கும் முன்னால், மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அவள் உடம்பெல்லாம் குளிர்ந்தது. தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறது! இடுப்பில் இரும்பை வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவள் சிரிப்பதைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சின்னவளும் சிரித்தாள்.

"நோட்டை எடு. எழுதிக்கோ" என்றாள் ஊசியக்கா, உயரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு.

"எதை?"

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு பழக்கம் இருக்கும்னியே, அதை. பச்சை கேட் அம்மாவுக்கு வலது கை, முழங்கைக்குக் கீழே."

"அது தெரியும்க்கா. ரெண்டாவது தடவையே கண்டுபிடிச்சுட்டேன்."

"கண்டுபிடிச்சிருப்பே, கண்டுபிடிச்சிருப்பே. பேசாம எழுது."

யாருக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், யாரிடம் மகனைப் பற்றிப் பேசக் கூடாது, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும், ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டையை இறுக்கினால் யாருக்குத் தோல் கன்றும் என்று வீடு வீடாகச் சொன்னாள். சொல்லும்போது ஒவ்வொரு வீடும் கையை விட்டுப் போவது மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் ஆபத்தான எதையும் ஒளிக்காமல் சொன்னாள். இரண்டு மணி நேரத்தில் முப்பது வீடு முடிந்தது.

"கடைசி வீடு?" என்று கேட்டாள் சின்னவள், பேனாவை உதறிக்கொண்டு. "வயலின் வாத்தியார்?"

அந்த வாத்தியாருக்கு எண்பது வயது. ரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு வார்த்தை கேட்டால் போதும், உறையிலிருந்து வயலினை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் ஒட்டிய பஞ்சோடு ஐந்து நிமிஷம் வாசிப்பார். கேட்டால்தான் வாசிப்பார். ஊசியக்கா எவ்வளவு வேலை இருந்தாலும் அந்த ஐந்து நிமிஷத்தை விட்டதே இல்லை.

"அவருக்கு ஒண்ணுமில்ல. சாதாரண வீடுதான்" என்றாள்.

அதைச் சொல்லாததால் யாருக்கும் மண்டை உடையாது.